விளையாட்டு அரங்கில் பிளாஷ் மாப்: 60 பேர், 200 நொடி, ஒரே ஒரு கேட்

மாலின் நடுக்கூடத்தில் அட்டகாசமாக எடுபட்ட பிளாஷ் மாப்பை (திடீரென்று ஒரு கூட்டம் கூடி ஆடிவிட்டுக் கலைவது) அப்படியே கால்பந்து அரங்குக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சொதப்பும். ஆடுபவர்கள் மேல் குறை இருக்காது. மாலில் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கிறது, பார்ப்பவர்கள் பத்தடி தூரத்தில் நிற்கிறார்கள், யாரும் கடிகாரம் பிடிப்பதில்லை. அரங்கில் ஒலி நூறு மீட்டர் கடந்து தாமதமாக வந்து சேரும். கேலரிக்கும் களத்துக்கும் நடுவே கம்பி வேலியும் பூட்டிய கேட்டும் இருக்கும். நடுவர் நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒலி, கேட், நேரம் மூன்றையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் அதற்குப் பிறகுதான்.

கணக்குகள் கைக்கு வசதியாக இருக்க ஒரே ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். சென்னை பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் போல, புல்தரையைச் சுற்றி 400 மீட்டர் சிந்தடிக் டிராக் உள்ள ஓர் அரங்கம். மாவட்ட அல்லது மாநில அளவிலான கால்பந்து ஆட்டம். இடைவேளையில் 60 பேர் ஆடுகிறார்கள். கபடி, கூடைப்பந்து, ஹாக்கி என்றால் எங்கே மாற்றவேண்டும் என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறோம்.

யாருக்கு ரகசியம்?

2003-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பில் வாசிக் என்ற பத்திரிகையாளர் தொடங்கிவைத்த பிளாஷ் மாப்களில் நடனமே கிடையாது. திடீரென்று கூடி, அர்த்தமில்லாமல் ஏதாவது செய்துவிட்டுக் கலைவதுதான் விஷயம். நடனம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2011 நவம்பர் 27 அன்று மும்பை சிஎஸ்டி (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் ஆடிய வீடியோ பரவியதும் இந்தியக் கல்லூரிகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன.

அந்த முதல் வடிவத்தின் "யாருக்கும் தெரியாமல்" என்பது விளையாட்டு அரங்கில் செல்லாது. பார்வையாளருக்கு மட்டுமே ரகசியம். அரங்க அலுவலர், போட்டி நடத்தும் சங்கம், போட்டி ஆணையர், பணியில் இருக்கும் காவல் ஆய்வாளர், மைக் செட் ஆள், கேட் சாவி வைத்திருப்பவர் என எல்லோருக்கும் எந்த நிமிடத்தில் எத்தனை பேர் எந்த வழியாக வருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஒருவர் வேலியைத் தாண்டினாலே அது களத்துக்குள் அத்துமீறல். போட்டி நடத்துபவருக்கு அபராதம் வரலாம், தாண்டியவர் காவல் நிலையத்தில் உட்கார நேரிடும்.

எந்த இடத்தில்

பலரும் முதலில் யோசிப்பது கேலரியைத்தான். ஆசைப்படாதீர்கள். படிக்கட்டில் ஆடும்போது பக்கவாட்டில் ஒரு ஸ்டெப் தவறினாலும் முன்வரிசைக்காரர் தலைமேல்தான் விழவேண்டும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) ஓடும் பாட்டுக்கு அறுபது பேர் சேர்ந்து குதித்தால், அந்த மேடை நொடிக்கு இரண்டு முறை ஒரே சீராக அடி வாங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் எடையைத் தாங்கும் அமைப்பு, சீரான குதிப்பைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. கம்பியும் பலகையும் கட்டிய தற்காலிக கேலரி என்றால் பேச்சே வேண்டாம். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின்போது தற்காலிக கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அங்கே யாரும் ஆடக்கூட இல்லை.

வாசலுக்கு வெளியே உள்ள திறந்தவெளி சுலபமாகத் தோன்றும். ஆட்டம் தொடங்கும் முன்போ முடிந்த பின்போ அங்கே கூடாது. உள்ளே போகும் கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றால், பின்னால் வருபவர்களுக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே வருவார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதன்பிறகு வாசல் பக்கத்துக்கு அனுமதி கேட்டால் காவல்துறை தயங்குவது நியாயம்தான். வெளியேதான் ஆடவேண்டும் என்றால் ஆட்டமில்லாத நாளில், மாரத்தான் அல்லது விழிப்புணர்வு நிகழ்ச்சியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

புல்தரையிலும் ஹாக்கி டர்ஃபிலும் கால் வைக்கவே கூடாது. பந்து ஓடவேண்டிய தரை அது. ஹாக்கி டர்ஃபை ஆட்டத்துக்கு முன் நனைத்தும் வைத்திருப்பார்கள், வழுக்கும். கிரிக்கெட் மைதானத்தில் பிட்ச் இருக்கும் சதுரத்தைக் காப்பாற்றவே தனி ஆள் இருப்பார், அங்கே கேட்டுப் பார்ப்பதே வீண். உள்ளரங்க மரத்தளத்தில் ஆடலாம். ஆனால் கறை விடாத அடிப்பாகம் கொண்ட ஷூ கட்டாயம்.

மிஞ்சுவது டிராக். சொல்லப்போனால் அரங்கிலேயே நல்ல இடம் அதுதான். மேடு பள்ளம் இல்லாத தளம், முக்கிய பெவிலியனுக்கு நேர் எதிரே நேர்கோட்டுப் பகுதி, போதாக்குறைக்கு அடையாளக் கோடுகளும் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். 1, 3, 5, 7 என்று ஒன்றுவிட்டு ஒரு லேனில் நிறுத்தினால் வரிசைக்கு வரிசை 2.44 மீட்டர் இடைவெளி கிடைக்கும். வரிசைக்கு 15 பேர், ஆளுக்கு ஆள் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்த நீளம் 21 மீட்டர். சாக்பீஸ், டேப் எதுவும் ஒட்டத் தேவையில்லை. ஒட்டினால் தளத்தைக் கெடுத்ததாக அரங்க நிர்வாகம் பிடித்துக்கொள்ளும். ஹீல்ஸ், ஸ்பைக், தோல் செருப்பு கூடாது. தட்டையான ரப்பர் அடி போதும். வெறுங்காலும் வேண்டாம், கோடை மாலையில்கூடச் சிந்தடிக் தளம் பொசுக்கும்.

மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்ச், விளம்பரப் பலகை, டிவி கேமரா எல்லாம் டிராக்கை ஒட்டித்தான் வைக்கப்படும். அளவெடுக்கப் போகும்போது காலி மைதானத்தை நம்பாமல், ஏதாவது ஒரு போட்டி நாளில் போய்ப் பாருங்கள்.

நேரக் கணக்கு

கால்பந்து இடைவேளை 15 நிமிடம். அத்தனையும் உங்களுக்குக் கிடைக்காது. வீரர்கள் உள்ளே போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். 11-வது நிமிடத்தில் மாற்று வீரர்கள் உடம்பைச் சூடாக்க வந்துவிடுவார்கள். நிம்மதியாகக் கிடைப்பது 3-வது நிமிடத்திலிருந்து 10-வது நிமிடம் வரைதான். அதில் நடனம் 3 நிமிடம் 20 நொடி, கலைந்து வெளியேற ஒன்றரை நிமிடம், மீதி கையிருப்பு. நாலரை நிமிடத்துக்குப் பாட்டுகளை வெட்டி ஒட்டி மிக்ஸ் செய்துவிட்டு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுவாங்க" என்று நினைப்பவர்களுக்குப் பாதியில் மைக் அணைக்கப்படும்.

கூடைப்பந்தில் நடு இடைவேளை 15 நிமிடம். தளமே 28-க்கு 15 மீட்டர் என்பதால் 40 பேருக்கு மேல் வேண்டாம். சர்வதேச ஹாக்கியில் நடு இடைவேளை 10 நிமிடம். கபடியில் இரண்டு பாதிகளுக்கு நடுவே 5 நிமிடம்தான். அதற்குள் 90 நொடிக்கு மேல் திட்டமிடக்கூடாது, வீரர்கள் ஆடும் விரிப்பின் (மேட்) மேலும் ஏறக்கூடாது. வாலிபாலில் செட்டுக்கு நடுவே 3 நிமிடம், அது பயிற்சியாளர் பேசும் நேரம், விட்டுவிடுங்கள்.

அனுமதி

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்கம் என்றால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் மனு. போட்டி நடத்தும் சங்கத்திடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம். இவை இரண்டும் கையில் வந்தபிறகு காவல்துறை. சென்னை மாநகரில் பொது நிகழ்ச்சிக்குக் குறைந்தது 5 நாள் முன்பே மனு கொடுக்கச் சொல்வார்கள். நடைமுறையில் மூன்று வாரம் முன்பே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் மனு காவல் நிலையத்துக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும் நடுவே போய்வரவேண்டும்.

மனுவில் எழுதவேண்டியது: தேதி, எந்த ஆட்டத்தின் இடைவேளை, எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த கேட் வழியாக வந்து எந்த கேட் வழியாகப் போவார்கள், பாட்டுகளின் பட்டியல், எத்தனை ஸ்பீக்கர், முழுப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும். கூடவே அரங்க வரைபடத்தின் ஒரு நகலில் சிவப்புப் பேனாவால் வழியும் இடமும் குறித்து இணையுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அந்த ஒரு தாள் வேலை செய்யும். ஆடுபவர் பட்டியலை அடையாள அட்டை நகல்களோடு தனியாக வைத்திருங்கள், கேட்டால் கொடுக்க. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பெயர் சேர்க்கவேண்டாம்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. பொது இடத்தின் எல்லையில் அளந்தால் அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. வணிகப் பகுதியின் பகல் வரம்பு 65 என்பதால் அங்கே 75 வரை போகலாம். குடியிருப்புப் பகுதியில் வரம்பு 55, எனவே 65-தான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கக்கூடும். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஸ்பீக்கரை எந்தத் திசையில் திருப்புகிறீர்கள் என்பதையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

பாட்டுக்கான உரிமம் தனி விஷயம். பதிவு செய்யப்பட்ட பாட்டைப் பொது இடத்தில் ஒலிபரப்ப பிபிஎல், பாடல் வரிக்கும் இசைக்கும் ஐபிஆர்எஸ் என்று உரிமம் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. போட்டி நடத்துபவர் அன்றைக்கு ஏற்கெனவே உரிமம் வாங்கியிருக்கலாம். உங்கள் பாட்டுகளும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சட்டைக்கும் அனுமதி தேவை என்றால் சிரிப்பீர்கள். போட்டிக்கு ஒரு குளிர்பான நிறுவனம் விளம்பரதாரராக இருக்கும்போது உங்கள் பனியனில் அதனோடு போட்டியிடும் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதோடு முடிந்தது. கட்சிக்கொடி, சாதி அடையாளம், கோஷம் எதுவும் கூடாது. பனியன் நிறம் இரண்டு அணிகளின் ஜெர்சிக்கும் நடுவர் சட்டைக்கும் பொருந்தாததாக இருக்கட்டும்.

பாட்டும் ஸ்டெப்பும்

நிமிடத்துக்கு 120 பீட் வேகம் புதியவர்களுக்கும் பிடிபடும், பார்ப்பவருக்கும் சுறுசுறுப்பாகத் தெரியும். எட்டு பீட் சேர்ந்தது ஒரு 'எட்டு'. 200 நொடியில் 400 பீட், அதாவது 50 எட்டு. ஒரு எட்டுக்கு 4 நொடி. முழுத் திட்டத்தையும் எட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குத்துப் பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. டப்பாங்குத்தின் அடி மும்மூன்றாகப் போகும், மேற்கத்திய பாணிப் பாட்டு நந்நான்காகப் போகும். இரண்டையும் வெட்டி ஒட்டும் இடத்தில் பாதிப் பேர் ஒரு காலும் மீதிப் பேர் மறுகாலும் தூக்குவார்கள். வேகம் காட்டும் செயலிகளும் மும்மூன்று அடியில் ஏமாந்து ஒன்றரை மடங்கு காட்டும். ஒட்டும் இடத்தில் ஒரு முழு எட்டுக்கு வெறும் பறையோ கைத்தட்டலோ வைத்து, அதற்குள் எல்லோரும் பெரிய அடியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள்.

ஒரே நடிகரின் பாட்டாக அடுக்கினால் கேலரி இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு பக்கம் விசில், மறுபக்கம் ஊளை. கலந்து போடுங்கள், இல்லையென்றால் யாருடைய படமும் நினைவுக்கு வராத நாட்டுப்புற அடியில் கட்டுங்கள்.

இனி அலைகள், அதாவது எந்த எட்டில் எத்தனை பேர் உள்ளே வந்து சேர்வது. முதல் 4 எட்டு ஒரே ஒருவர். தண்ணீர் கேன் தூக்கி வரும் தன்னார்வலர் போல டிராக்கில் நடந்துகொண்டிருப்பவர், கேனை வைத்துவிட்டு ஆடத் தொடங்குகிறார். 5-வது எட்டில் நான்கு பேர் சேர்ந்து 5. 9-வதில் பதினைந்து பேர் சேர்ந்து 20. 17-வதில் 40. 25-வதிலிருந்து 46 வரை அறுபது பேரும். 47, 48 கடைசி நிலையில் உறைந்து நிற்க. 49, 50 ஒன்றுமே நடக்காததுபோல் நடந்துபோக.

இந்த எண்ணிக்கை அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. ஆள் நுழையும் கேட் வழியாக ஓடாமல், தடுக்காமல் வந்தால் நொடிக்கு ஒருவர்தான் வரமுடியும். 5-வது எட்டு தொடங்கியதிலிருந்து 9-வது தொடங்கும் வரை 16 நொடி. பதினைந்து பேர் நுழையச் சரியாகப் போதும். அடுத்த இரண்டு அலைகளுக்கும் 32 நொடியில் 20 பேர். கேட்டிலிருந்து ஆடும் இடம் 15 மீட்டருக்குள் இருந்தால் கடைசி ஆளும் நேரத்துக்குத் தன் லேனில் நிற்பார். அறுபது பேரும் ஒரே நேரத்தில் "சர்ப்ரைஸ்" என்று பாய்வதுபோல் அமைத்தால் கேட்டில் ஒரு நிமிடம் நெரிசல், பாட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

நன்றாக ஆடுபவர்களை முன் அலைகளிலும், தடுமாறுபவர்களைக் கடைசி அலையிலும் போடுங்கள். கடைசி அலைக்கு 22 எட்டுதான் ஆட்டம். அதை அ, ஆ, இ என்று நந்நான்கு எட்டாக மூன்று துண்டு, முடிவுக்கு 2 எட்டில் ஈ என்ற துண்டு, இப்படிப் பிரித்து அ-ஆ-இ-அ-ஆ-ஈ என்று அடுக்கினால் மனப்பாடம் செய்யவேண்டியது மொத்தமே 14 எட்டு. முன் அலைகளும் இதே துண்டுகளைத்தான் ஆடுகின்றன. ஆள் கூடிக்கொண்டே போவதால் திரும்பத் திரும்ப வருவது யார் கண்ணிலும் படாது.

கேலரியிலிருந்து பாதங்கள் தெரியாது. நுணுக்கமான கால் வேலைக்கு உழைப்பது வீண். தோளுக்கு மேல் போகும் கை, முழு உடம்பாகக் குனிந்து எழுவது, வரிசை வரிசையாகத் திரும்புவது, இவைதான் மேலே இருப்பவருக்குத் தெரியும். 25-வது எட்டில் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றி ஒரே நிறப் பனியன் தெரியவைத்தால் கேலரி எழுந்துவிடும். கழற்றிய சட்டையை இடுப்பில் கட்டவேண்டும். தரையில் எறிந்தால் யாராவது மிதித்து வழுக்குவார்கள், பொறுக்கவும் நேரம் இருக்காது. ஆள்மேல் ஆள் ஏறும் பிரமிடு வேண்டாம். வண்ணப்பொடி, புகை, காகிதத் துகள், வெடி எதற்கும் இடமில்லை. வாயில் விசிலும் கூடாது: களத்தில் விசில் நடுவருடையது மட்டுமே. காவலர், பாதுகாவலர், மருத்துவ உதவியாளர் வேடமும் கூடாது, சண்டை போடுவதுபோல் தொடங்குவதும் கூடாது. நிஜமாகவே சண்டையென்று நினைத்து லத்தியோடு ஓடிவருவார்கள்.

ஒலி

இங்கேதான் பெரும்பாலான அரங்க பிளாஷ் மாப்கள் விழுகின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.03 நொடி தாமதம், தெரியாது. 35 மீட்டரில் 0.1 நொடி. 120 பீட் பாட்டில் ஒரு பீட் அரை நொடி என்பதால், ஒரு பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கிவிட்டது. வீடியோவில் பளிச்சென்று தெரியும். 100 மீட்டரில் கிட்டத்தட்ட 0.3 நொடி, பாதி பீட்டுக்கும் மேல். அரங்கின் இரு பக்கமும் இரண்டு குழு நின்று ஒரே பாட்டுக்கு ஆடுவது அதனால்தான் எடுபடுவதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் காதுக்குச் சரியாகத்தான் ஆடும், பார்ப்பவருக்குத்தான் தப்பாகத் தெரியும்.

தீர்வு இது. அரங்கத்தின் சொந்த மைக் செட் பார்வையாளருக்கு. ஆடுபவருக்குத் தனியாக, 8-வது லேனின் விளிம்பில், நடுவிலிருந்து இருபுறமும் 6 மீட்டர் தள்ளி, ஆடுபவரைப் பார்த்தபடி இரண்டு ஸ்பீக்கர். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள 12 அல்லது 15 இஞ்ச் வகை. 21 மீட்டர் வரிசையில் கடைக்கோடியில் நிற்பவரும் ஏதாவது ஒரு ஸ்பீக்கருக்கு 15 மீட்டருக்குள் இருப்பார். இரண்டுக்கும் ஒரே மிக்ஸரிலிருந்து ஒலி போகவேண்டும். பக்கத்து ஸ்பீக்கர் முதலில் காதுக்கு வருவதாலும் சத்தமாக இருப்பதாலும், பின்னால் வரும் மைக் செட் ஒலியை மூளை பொருட்படுத்தாது. எதிர் கேலரியின் ஹாரன்களை மட்டும் அந்த மூன்று நிமிடத்துக்கு அணைத்துவைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வரும் ஒலிதான் எல்லோரையும் குழப்பும்.

ஹாரன் வகை ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி வராது. ஹெட்போனில் நெஞ்சை அதிரவைத்த பேஸ் அரங்கில் காணாமல் போகும், கூடவே பீட்டும். பறை, உடுக்கை, கைத்தட்டல் போல நடு அலைவரிசையில் அடி விழும் பாட்டாக எடுங்கள். மிக்ஸை மோனோவாக, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒரே ஒலியாக, ஏற்றுமதி செய்யுங்கள். அரங்க மைக் செட் பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோ கோப்பில் ஒரு பக்கம் மட்டும் போனால் பாதி வாத்தியம் கேட்காது.

போனிலிருந்து மிக்ஸருக்குப் போகும் வயர் பல இடங்களில் மானத்தை வாங்கும். போனின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கிலிருந்து இரண்டு தனித்தனி கால் இஞ்ச் மோனோ ஜாக்காகப் பிரியும் வயர்தான் வேண்டும். ஸ்டீரியோ பிளக்கை ஒரே பேலன்ஸ்டு உள்ளீட்டில் (இரண்டு கம்பியில் வரும் ஒலியின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) செருகினால் இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இசை ஒல்லியாகக் கேட்கும், பாடகர் குரல் மட்டும் மாயமாகிவிடும். சோதனையின்போது குரல் இல்லையென்றால் பாட்டைச் சந்தேகப்படாமல் வயரைப் பாருங்கள். மோனோவாக்கிய கோப்பு என்றால் மொத்தமும் மௌனமாகும், அதனால் இந்தத் தவறு முன்கூட்டியே பிடிபடும்.

புளூடூத்தைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒலி 0.1 முதல் 0.3 நொடி வரை தாமதமாகும், இரண்டு புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் இரண்டும் இரண்டு விதமாகத் தாமதமாகும். கூட்டம் நிறைந்த இடத்தில் இணைப்பும் அறுந்து அறுந்து வரும். போனை விமான நிலையில் போடவில்லையென்றால் யாரோ ஒருவரின் அழைப்பு அரங்கம் முழுக்க ஒலிக்கும். அதே கோப்பு ஒரு பென் டிரைவிலும், வேறொருவர் போனிலும் இருக்கட்டும்.

மின்சாரத்துக்கு அரங்கின் 15 ஆம்பியர் பிளக் ஒன்று அல்லது 2 கேவிஏ சத்தமில்லா ஜெனரேட்டர் போதும். வயர் வீரர்கள் வரும் வழியைக் கடக்கக்கூடாது, ஆள் நடக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போட்டு மூடவேண்டும்.

ஒத்திகை

அறுபது பேர் வேண்டுமென்றால் எண்பது பேரைச் சேருங்கள். தேர்வு, காய்ச்சல், ஊருக்குப் போவது என்று கால்வாசிப் பேர் கழன்றுகொள்வார்கள். இரண்டு மணிநேரமாக நான்கு ஒத்திகை, ஐந்தாவது அரங்கிலேயே. முதல் இரண்டில் துண்டுகளைக் கற்றுக்கொள்வது, மூன்றாவதில் அலைகளும் இடமும். சுவரில் சாக்பீஸால் கேட் வரைந்துவிட்டு நொடிக்கு ஒருவராக நுழையவைத்து நேரம் பாருங்கள். நான்காவதில் ஒலியைக் கெடுத்துப் பார்க்கவேண்டும்: பாட்டை நடுவில் 4 எட்டுக்கு நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் கூட்டம் முந்திப் போயிருக்கும். உற்சாகத்தில் யாரும் மெதுவாவதில்லை.

அதைத் தடுக்க நான்கு மூலைகளிலும் தாளம் பிசகாத ஒருவரை நிறுத்துங்கள். முன்வரிசையில் மட்டும் வைத்தால், எல்லோரும் பின்பக்கம் திரும்பும் ஸ்டெப்பில் பார்த்து ஆட ஆளிருக்காது. காது குழம்பினால் கண்ணை நம்பு, உன் பக்கத்து மூலையில் இருப்பவரைப் பார், என்பதை ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

போட்டி நாள்

ஆட்டம் மாலை 4 மணிக்கு என்றால் 2 மணிக்கே எல்லோரும் வந்துவிடவேண்டும். பை, ஹெல்மெட், தண்ணீர் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் முதலிலேயே போட்டி நடத்துபவர் மூலமாக உள்ளே போயிருக்கட்டும். மூன்று நான்கு பேராகப் பிரிந்து உட்காருங்கள், ஆனால் எல்லோரும் அந்த ஒரு கேட்டுக்குப் பக்கத்து கேலரியிலேயே. 43-வது நிமிடத்தில் அறுபது பேர் ஒரே நேரத்தில் எழுந்து கேட்டருகே நின்றால் குட்டு உடைவது மட்டுமில்லை, விஷயம் தெரியாத காவலர் கலைக்க வருவார். முன் அலை 44-ல், அடுத்தது இடைவேளை விசிலுக்குப் பிறகு, மீதி பாட்டு தொடங்கியதும்.

பணியில் உள்ள காவலர்கள் ஷிப்ட் மாறியிருப்பார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை ஒருங்கிணைப்பாளர் கேட்டிலேயே நின்று கையில் வைத்திருக்கட்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று பெயரோடு தெரிந்துகொண்டு, ஆட்டத்தின் 35-வது நிமிடத்திலிருந்து அவரைப் பிரியாமல் ஒருவர் கூடவே நிற்கவேண்டும். சாவிக்காரர் டீ குடிக்கப் போனதால் நின்றுபோன நிகழ்ச்சிகள் ஏராளம்.

அரங்கம் நிறைந்ததும் கைபேசி வலை திணறும். "கிளம்பலாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் பாதிப் பேருக்கு ஆட்டம் முடிந்தபின் வந்துசேரும். பாட்டு கேட்டால் தொடக்கம், அவ்வளவுதான் சைகை. ரத்து செய்யவேண்டுமென்றால் அறிவிப்பாளர் சொல்லவேண்டிய ஒரு சாதுவான வாக்கியத்தை முன்பே முடிவுசெய்யுங்கள்: "நீல நிறக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்." அதைக் கேட்டால் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இடைவேளை விசிலடித்து 5 நிமிடம் ஆகியும் பாட்டு வரவில்லையென்றாலும் ரத்துதான்.

மழை, மின்வெட்டு, வீரர் யாராவது பலத்த காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் போனது, மறுக்கப்பட்ட கோலால் கேலரி கொதித்துக்கொண்டிருப்பது, இந்த நான்கில் ஒன்று நடந்தாலும் குடையைக் கண்டெடுத்துவிடுங்கள். ஆறு வார உழைப்பு போகிறதே என்று தயங்குபவரிடம் இந்த முடிவை ஒப்படைக்காதீர்கள். நடனத்தில் பங்கில்லாத ஒருவர் எடுக்கட்டும்.

பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஆறு பேர் ஆடாமல் ஓரத்தில் நிற்கவேண்டும். கேலரியிலிருந்து யாராவது வேலி ஏறினால் காவலரைக் கூப்பிடுவது, கணுக்கால் பிசகியவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவருவது, பெண்கள் வெளியேறும் வழியில் கூட இருப்பது அவர்கள் வேலை. வெளியேற, நுழைந்த கேட்டையும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள இன்னொரு கேட்டையும் பயன்படுத்துங்கள். நொடிக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரே கேட் என்றால் ஒரு நிமிடம், இரண்டு என்றால் அரை நிமிடம். ஆடி முடித்ததும் செல்ஃபிக்கு நிற்பவர்கள்தான் கையிருப்பு நேரத்தைத் தின்பவர்கள். நேராக ஓர் அறைக்குப் போய்ச் சேர்ந்து தலை எண்ணிவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

வீடியோ

மூன்று கேமரா போதும். பெவிலியன் மேலிருந்து அசையாமல் ஒன்று, டிராக் மட்டத்தில் ஒன்று, கூட்டத்தின் முகங்களைப் பிடிக்க ஒன்று. மேலே இருக்கும் கேமராவின் ஒலியை அப்படியே வைத்தால், ஒலித் தாமதத்தால் எல்லோரும் பீட்டுக்கு முந்தி ஆடுவதுபோல் தெரியும். மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு பதிவு எடுத்து, முதல் ஆள் கேனைத் தரையில் வைக்கும் நொடியை அடையாளமாகக் கொண்டு மூன்றையும் பொருத்துங்கள். கேலரி சத்தத்தை மெல்லியதாக அடியில் ஓடவிட்டால் போதும். நேரலை உரிமை விற்கப்பட்ட போட்டியில் களத்தைப் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும், இல்லையென்றால் டிக்கெட்டின் பின்பக்க நிபந்தனையைக் காட்டியே நீக்கச்சொல்வார்கள். யூடியூபில் ஏற்றும்போது பாட்டின் உரிமையாளர் கோரினால் ஒலி முடக்கப்படலாம். முதலில் பட்டியலிடாத நிலையில் (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, சோதனை முடிந்தபிறகு வெளியிடுங்கள். கிளம்பும் முன் அரங்க அலுவலரோடு டிராக்கை ஒருமுறை நடந்து பார்த்து, சேதமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டால் முன்பணம் திரும்ப வருவதில் இழுபறி இருக்காது.